ஹாக்ஐயின் தங்கை

டிவி பார்க்கும்போது குறிப்பெடுக்கும் கெட்ட பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. இடப்பக்கம் சீசன், எபிசோடு, வலப்பக்கம் தப்பு. பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் டிவிடிகளை நண்பரிடம் இரவல் வாங்கிவந்து, ரிமோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, கோப்பையில் காபி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். “நீங்க படம் பாக்குறீங்களா, ஆடிட் பண்றீங்களா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி எழுந்து போய்விடுவாள்.

காபி சீக்கிரமே அலுத்துவிட்டது. ஒரு காட்சியைப் பலமுறை எடுத்து, நல்லதைப் பொறுக்கி ஒட்டினால் கோப்பை அப்படித்தான் ஏறி இறங்கும். ஆள் காணாமல்போவதில்தான் ருசி. 1974இல் தொடங்கிய ‘ஹாப்பி டேஸ்’ தொடரில் கன்னிங்ஹாம் வீட்டு மூத்த பையன் சக், கூடைப்பந்தும் கையுமாகத் திரிவான். இரண்டாவது சீசனோடு ஆளைக் காணோம். வீட்டில் யாரும் தேடவும் இல்லை. கடைசி எபிசோடில் அப்பா தம் இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணமாகிவிட்ட நிறைவைச் சொல்கிறார். மூத்தவன் கணக்கிலேயே வரவில்லை. ‘பிவிட்ச்ட்’ 1969இல் கணவனையே மாற்றியது. டிக் யார்க் உடம்புக்கு முடியாமல் விலக, டிக் சார்ஜென்ட் வந்தார். பெண்டாட்டி உட்பட ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நம் சீரியல்காரர்கள் எவ்வளவோ மேல். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரியாவது போடுவார்கள்.

நோட்டில் அதிகப் பக்கம் தின்றது ‘மாஷ்’. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாம். போர் நடந்தது மூன்று வருடம். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை, 11 சீசன். காலண்டர் என்ன ஆகும்? கர்னல் பாட்டர் பொறுப்பேற்க வரும் நாள் 1952 செப்டம்பர் 19 என்று கறாராகச் சொல்கிறார்கள். பிறகு ஒரு எபிசோடு 1951ஆம் வருடம் முழுவதையும் காட்டுகிறது. பாட்டர் அதில் ஹாயாக உலவுகிறார்.

எழுதியவர்களைத் திட்ட மனம் வரவில்லை. அன்று ஒரு எபிசோடு ஓடும், கோடையில் இன்னொரு தடவை போடுவார்கள், போனது போனதுதான். தொடரை வளர்த்த லாரி கெல்பார்ட்டே நான்காவது சீசனோடு விலகிவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த வாரக் கதைதான் கவலை.

ஓட்டையைப் பிறகு தைத்த கெட்டிக்காரர்களும் உண்டு. ‘சியர்ஸ்’ தொடரில் டாக்டர் ஃப்ரேசியர் தன் அப்பா செத்துவிட்டார் என்றிருந்தார். 1993இல் அவரை வைத்தே தனித்தொடர் எடுத்தபோது அப்பா உயிரோடு வந்து மகன் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஓய்வுபெற்ற போலீஸ்காரராக! பழைய நண்பர் சாம் ஊருக்கு வந்து, “செத்துட்டார்னியே?” என்று கேட்க, அப்போது அவரோடு சண்டை, அதனால் அப்படிச் சொன்னேன் என்று மகன் நெளிகிறார். தப்பு அவர் குணமாகிவிட்டது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஒட்டு இல்லை.

‘மாஷ்’ ஒட்டுப்போடவில்லை. முதல் சீசனில் டாக்டர் ஹாக்ஐ அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் அம்மா வருகிறாள், ஒரு சகோதரியும் வருகிறாள். அக்காவா தங்கையா என்று ஆங்கிலத்தில் தெரியாது. நான் தங்கை என்றே வைத்துக்கொண்டேன். ஊர் முதலில் வெர்மான்ட், அப்புறம் மெய்ன். பத்தாவது சீசனில் அப்பாவுக்கு அங்கே ஆபரேஷன். கொரியாவில் ஹாக்ஐ டெலிபோனுக்காகக் காத்துக் கிடக்கிறான். பத்து வயதில் அம்மா போனதையும் அவள் நோயை அப்பா மறைத்ததையும் சொல்கிறான். வழக்கமாக முகம்கொடுக்காத சக டாக்டர் வின்செஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்பாவை விட்டால் அவனுக்கு ஆள் இல்லை என்பதால்தான் அந்த இரவு அவ்வளவு நீளம். ஊரில் அம்மாவும் தங்கையும் இருந்திருந்தால் அந்தக் கதையே நிற்காது.

‘அம்மா? தங்கை?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அன்று ரிமோட்டைத் தொடவில்லை. அம்மாவை விட்டுவிட்டேன். தங்கைதான் இன்னும் உறுத்துகிறாள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? வெர்மான்டில் அல்லவா இருப்பாள்?