கோடையில் பத்மா

வங்காள தேசத்தின் ராஜ்ஷாஹி நகருக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், ஷா மக்தூம் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தில் ஸியாரத் செய்துவிட்டு, அருகிலுள்ள நதிக்கரைக்கும் நடந்து செல்லுங்கள். நம் கங்கைதான் அங்கே பத்மா என்னும் பெயரில் ஓடுகிறது. மழைக்காலத்தில் கடலெனப் பரந்து கிடக்கும் அந்நதி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மணல் திட்டுகளுக்கிடையே ஒடுங்கிவிடும். இன்னும் கீழே பாக்ஷியில், 1915-இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் ரயில் பாலத்தின் தூண்கள் சில வெறும் மணலில் நிற்பதையும் காண்பீர்கள். தெற்கே குல்னாப் பகுதியிலோ, நன்னீர் குறையக் குறையக் கடலின் உப்பு ஆறுகளுக்குள் ஏறுகிறது.

காரணம் வினவினால் மேற்கே கை நீட்டுவர். எல்லைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் இப்பால், நம் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், 109 மதகுகளுடன் நிற்கிறது ஃபரக்கா அணை. கல்கத்தாத் துறைமுகத்தை மூடும் வண்டலை அகற்ற, வினாடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்புவது அதன் நோக்கம். அத்தேவை பொய்யன்று. ஆனால் 1975 ஏப்ரலில் 41 நாள் சோதனைக்கென்றே இசைவு பெறப்பட்டது. தவணை முடிந்த பின்னரும், உடன்படிக்கை ஏதுமின்றி நீர் திருப்பப்பட்டது.

1976 மே 16 அன்று, தொண்ணூறு வயதைக் கடந்த மௌலானா பாஷானி, ராஜ்ஷாஹியின் மதரஸா மைதானத்திலிருந்து பெருங்கூட்டத்துடன் ஃபரக்காவை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். எல்லையை அவர்கள் தாண்டவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மௌலானா வஃபாத்தானார்.

காவிரிக் கடைமடையை அறிந்த நமக்கு இத்துயரை விளக்கவேண்டுவதில்லை. நமக்கு வழக்குரைக்க நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் இருந்தன. சிறிய நாடு பெரிய நாட்டின் மீது எங்கே வழக்குத் தொடுக்கும்? மதீனாவின் ஹர்ராவில் எழுந்த வாய்க்கால் வழக்கில், மேட்டு நிலத்தவரான ஸுபைர் (ரலி) அவர்களிடம், தம் நிலத்துக்குப் பாய்ச்சியபின் அண்டைக்காரருக்கு நீரை விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அங்கே தீர்ப்பளிக்க ஒருவர் இருந்தார்கள்.

1977-இல் ஏற்பட்ட ஐந்தாண்டு உடன்பாட்டில், நீர் எவ்வளவு குறைந்தாலும் வங்காள தேசத்தின் பங்கில் 80 விழுக்காடு உறுதி எனும் விதி இருந்தது. 1996 டிசம்பர் 12 அன்று 30 ஆண்டுகளுக்கெனக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அவ்வுறுதி இல்லை. ஃபரக்காவில் 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் ஆளுக்குப் பாதி. 50,000-க்கும் கீழே இறங்கினால், இரு அரசுகளும் உடனே கூடிப் பேசவேண்டும் என்று மட்டுமே அதில் எழுதியிருக்கிறது.