கேட்டது கிடைத்த பிறகும்

ஜூன் 9

தம்போவ் பற்றிப் படிக்கிறேன். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே கரிசல் பூமி. 1920-ல் மழை பொய்த்தது. அந்த வருடமும் மாகாணத்தின் தலையில் 1.15 கோடி பூடு தானியம் லெனினின் போல்ஷெவிக் அரசின் கட்டாய வசூலாக விழுந்தது, ஏறத்தாழ 1.9 லட்சம் டன். துப்பாக்கியோடு வந்தவர்கள் விதைக்கு வைத்திருந்ததையும் விடவில்லை. ஆகஸ்டில் காமென்கா கிராமத்தார் வசூல் படையை அடித்து விரட்டினார்கள். அதுதான் பற்றிக்கொண்டது.

ஜூன் 10

கிளர்ச்சியின் தலைவர் அலெக்சாந்தர் அன்டோனவ். ஜார் காலத்தில் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்காகக் கொள்ளையடித்துச் சிறை போனவர். 1917 புரட்சிதான் விடுவித்தது. கிர்சானோவ் வட்டத்தில் போலீஸ் தலைவராக இருந்தார், 1918-ல் காட்டுக்குள் போய்விட்டார். உத்தமர் என்று சொல்ல மாட்டேன். கையில் சிக்கிய கம்யூனிஸ்டுகளை அவர் ஆட்கள் கொடூரமாகக் கொன்றிருக்கிறார்கள். ஆனாலும் பல்லாயிரம் விவசாயிகள் பின்னால் போனார்கள்.

ஜூன் 12

கிளர்ச்சியை ஒடுக்க அரசு போட்ட, 1921 ஜூன் 11-ன் 171-ம் எண் உத்தரவு. பெயர் சொல்ல மறுப்பவரை விசாரணையின்றி அங்கேயே சுடு. ஆயுதம் அகப்பட்ட வீட்டில், உழைக்கிறவர்களில் மூத்தவரைச் சுடு. எழுதியவர்களுக்கு விவசாயக் குடும்பம் எதில் நிற்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்தத் தூணைத்தான் குறிவைத்தார்கள்.

மறுநாள், ஜூன் 12, காடுகளில் விஷவாயுவைப் பரப்பி ஒளிந்திருப்பவர்களை ஒழிக்கச் சொல்லி செம்படைத் தளபதி துகாச்செவ்ஸ்கி உத்தரவிட்டார். ரசாயனக் குண்டுகள் சில இடங்களில் வீசப்பட்டன. அதனால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கையெழுத்தே போதும்.

சரியாக 16 வருடம் கழித்து, 1937 ஜூன் 12-ல், ஸ்டாலின் துகாச்செவ்ஸ்கியைச் சுட்டுக் கொல்லவைத்தார். தெய்வம் நின்று கொன்றது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. கொன்றது தெய்வமல்ல, அவர் யாருக்காகக் காட்டில் வாயுவை ஏவினாரோ அதே அரசு.

ஜூன் 14

தூங்கவிடாத விஷயம் வேறு. 1921 பிப்ரவரியில் லெனின் தம்போவ் விவசாயிகளை நேரில் சந்தித்தார். அதே மாதம் அங்கே கட்டாய வசூல் நின்றது. மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாவது மாநாடு நாடு முழுவதற்கும் அதை ரத்து செய்து, தானிய வரியாக மாற்றியது. கேட்டது கிடைத்துவிட்டது. துகாச்செவ்ஸ்கி வந்து இறங்கியது அதற்குப் பிறகு, மே மாதம்.

எதற்கு? கிளர்ச்சியாளர்களின் உழைக்கும் விவசாயிகள் சங்கம் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டச் சொல்லியும் கேட்டிருந்தது. பசிக்கு இறங்கி வந்த அரசு அதற்கு இறங்குவதாக இல்லை. வசூலை நிறுத்தி ஊரைக் காட்டிலிருந்து பிரித்தது. தனித்துப்போனவர்கள் மேல் படையை விட்டது. கணக்கு தப்பவில்லை. கோடை முடிவதற்குள் கிளர்ச்சி நொறுங்கிவிட்டது. அன்டோனவ் மட்டும் இன்னும் ஒரு வருடம் ஒளிந்து திரிந்தார். 1922 ஜூனில் நிஷ்னி ஷிப்ரியாய் கிராமத்தில் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்து, அவரையும் தம்பி திமித்ரியையும் சுட்டார்கள்.