தேனீயின் பொழுதுகளும் மேக்ரோ ஒளிப்படமும்

தை 5, விடியற்பொழுது

துளசியின் உலர்ந்த கதிர்க்காம்புகளைத் தாடையால் கவ்வியபடி ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் உறங்குகின்றன. தனித்து வாழும் இவ்வினத்தில் பெண், மண்ணில் குடைந்த வளையில் முட்டையிட, வளையில்லாத ஆண்கள் அந்தி சாய்ந்ததும் இவ்வாறு காம்புகளில் கூடுகின்றன. வெயிலேறி உடல் சூடாகும்வரை அவை பறப்பதில்லை. பொருளின் உண்மை அளவே கேமராவின் உணரியில் பதியும்படி, அதாவது 1:1 விகிதத்திலோ அதற்கு நெருக்கமாகவோ எடுக்கப்படுவது மேக்ரோ படம் எனப்படும். அந்நெருக்கத்தில் குவிய ஆழம், அதாவது கூர்மையாகப் பதியும் பகுதியின் தடிமன், 36 மி.மீ. அகல உணரியில் எஃப் 11 துவார அளவிலும் ஏறத்தாழ 1.3 மி.மீ. மட்டுமே. துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடுமெனினும், குறுகிய வழியில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மங்கிவிடும். எனவே கேமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளைக் கணினியில் ஒன்றிணைக்கும் அடுக்குக் குவிய முறை கையாளப்படுகிறது. அசையாத உயிரையே வேண்டும் இம்முறைக்கு, காற்றெழாத இவ்விடியலே உரிய வேளை.

தை 9, முற்பகல்

வெயில் ஏறப் பத்துமணிப் பூக்கள் விரிகின்றன. தோட்டத்துத் தேனீக்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான கொசுத் தேனீ அவற்றின் மகரந்தத்தை நாடி வருகிறது. ஒரு பூவில் சில விநாடிகளே தங்கும் இதனிடம் அடுக்குக் குவியம் செல்லாது; ஒற்றைப் படத்திலேயே வேண்டியது அனைத்தும் பதிய வேண்டும். தேனீயை முன்னிருந்து எடுத்தால் கண் கூர்மையாகவும் வயிறு மங்கலாகவும் அமையும். பக்கவாட்டில் எடுத்தாலோ கூட்டுக்கண், சிறகின் அடி, மகரந்தம் சுமக்கும் பின்கால் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைவதால் மெல்லிய குவிய ஆழமும் போதுமானதாகிறது. தேனீயின் சிறகு விநாடிக்கு 200 முறைக்கு மேல் அடிப்பதால், விநாடியில் 1,000-இல் ஒரு பங்கு நேரமே திறக்கும் ஷட்டரும் அதை நிறுத்திக் காட்டாது. குறைந்த ஆற்றலில் விநாடியின் 10,000-இல் ஒரு பங்கு அளவே மின்னும் ஃபிளாஷ் அதைச் செய்யும். தேனீயின் வழுவழுப்பான முதுகில் அவ்வொளி வெள்ளைத் திட்டாகத் தெறிக்காதிருக்க, டிஃப்யூசர் எனப்படும் வெண்திரையை ஃபிளாஷுக்கும் பூவுக்கும் இடையே அமைத்து ஒளியைப் பரவச் செய்கின்றனர்.

தை 16, காலை

கத்தரிப் பூவில் தேனில்லை. மகரந்தமும் வெளியே தூவிக் கிடப்பதன்று, மஞ்சள் மகரந்தப் பைகளுக்குள் அடைபட்டு, அவற்றின் நுனியிலுள்ள சிறு துளைகள் வழியாக மட்டுமே வெளிவருகிறது. மக்கள் கருவண்டு என அழைக்கும் தச்சுத் தேனீ, பைகளைக் கால்களால் பற்றி உடலை வளைத்து, சிறகுகளை மடக்கியபடியே மார்பிலுள்ள பறப்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்து அம்மகரந்தத்தை உதிர்த்துக்கொள்கிறது. நீலப்பட்டைத் தேனீக்கும் இத்திறன் உண்டு. கூட்டில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இல்லை. ரீங்காரத்தின் சுருதி மாறுவதே படமெடுப்பவருக்கு அறிகுறி. இருண்ட இலைகளைப் பின்னணியாக்கி, பின்னாலிருந்து ஒளி விழுமாறு நின்றால், உதிரும் மகரந்தம் படத்தில் பொன்துகளாகத் தெரியும். பூவின் அமைப்பும் தேனீயின் தசையும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வீட்டுத் தோட்டத்தில் அரிது.

தை 23, இரவு

தேனீயைப் பெருக்கிப் பார்க்கும் வேட்கை பழமையானது. 1625-இல் ரோமில் ஃபிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டி வெளியிட்ட தேனீ ஓவியம், நுண்ணோக்கியின் துணையால் வரையப்பெற்று அச்சேறிய மிகப் பழைய படங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மூன்று தேனீக்களை மூன்று கோணங்களில் அது காட்டியது. நம் காலத்தில் அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறையின் தேனீ ஆய்வகம், பதப்படுத்திய மாதிரிகளை அடுக்குக் குவிய முறையில் கரும் பின்னணியில் படமெடுத்து, யாவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்துள்ளது. சிறகின் நரம்புகளையும் கிளைத்த மயிர்களையும் அப்படங்கள் நுணுக்கமாகக் காட்டி, இனங்காண உதவுகின்றன. ஆயினும் எந்தப் பூவை எந்தத் தேனீ எவ்வாறு கையாள்கிறது என்பதை ஊசியில் குத்திய மாதிரி சொல்வதில்லை. அதைச் சொல்லும் இடம் தோட்டமே.

தை 27, மாலை

தேனீயைக் குளிரூட்டி மயங்கச் செய்து படமெடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கு ஊறு விளைவிப்பதோடு, தேனீயைப் பூவினின்றும் பொழுதினின்றும் பிரித்து, படத்தின் பொருளையே அது பொய்யாக்கிவிடுகிறது. உறங்கும் தேனீ விடியலையும், பத்துமணிப் பூ வெயிலையும், கத்தரிப் பூ அதிர்வையும் கேட்பதை அறிந்தவருக்கு அம்மயக்கம் தேவைப்படுவதில்லை. மேக்ரோவில் லென்ஸைவிட முதன்மையான கருவி, தேனீயின் பழக்கத்தைப் பற்றிய அறிவேயாகும். ஒவ்வொரு படத்துடனும் செடியின் பெயர், நாள், நேரம், இடம், தேனீ செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், ஓர் ஊரின் எந்தப் பயிர் எந்தத் தேனீயை நம்பியிருக்கிறது என்பதற்கு அப்படங்களே சான்றாகும். பூச்சிக்கொல்லி எப்பொழுது தெளிக்கலாகாது என்று முடிவு செய்யும் உழவருக்கும் அச்சான்று பயன்படும்.