"குறைந்தபட்சம்" என்று கேட்டால் உடனே மீ.சி.ம. போடாதீர்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. குரூப் 4 எழுதப் போகிறவர்களும், எட்டாம் வகுப்புப் பிள்ளையை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு அனுப்பப் போகிறவர்களும் கடைசிவரை படியுங்கள். கணக்கு என்றாலே ஓடுகிற என் சொந்தக்காரர்கள் ஈர்க்குச்சிக் கதையை மட்டும் படித்தால் போதும்.

என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண் இப்போது குரூப் 4-க்குத் தயாராகிறாள். இரண்டு குழந்தைகள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து படிக்கிறாள். நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியிருக்கிறாள். மாதிரித் தேர்வில் விட்ட கணக்கைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

கணக்கு இதுதான். ஒரு கருத்தரங்குக்குத் தமிழ் ஆசிரியர்கள் 60 பேர், அறிவியல் ஆசிரியர்கள் 84 பேர், கணித ஆசிரியர்கள் 108 பேர் வருகிறார்கள். ஓர் அறையில் ஒரே பாடத்தினர்தான் இருக்க வேண்டும். எல்லா அறையிலும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை அறைகள் தேவை? விடைகள்: 12, 21, 36, 3780.

அவள் 3780-ஐ நிழலிட்டிருக்கிறாள். "ஏன்மா?" என்றேன். "குறைந்தபட்சம்னு கேட்டாங்க டீச்சர், அப்படின்னா மீ.சி.ம. போடணும்னு மையத்துல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். வருவதே 252 பேர். அவர்களுக்கு 3780 அறையா! ஆளுக்குப் பதினைந்து அறை வருகிறதே என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

இந்த "பெரிய என்றால் மீ.பொ.வ., சிறிய என்றால் மீ.சி.ம." என்ற குறுக்குவழி எனக்கு அறவே பிடிக்காது. அறைகள் குறைய வேண்டுமானால் ஒவ்வோர் அறையிலும் ஆள் கூட வேண்டும். ஓர் அறைக்கு அதிகபட்சம் எத்தனை பேர் என்பதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் கேள்வி. அது மீ.பொ.வ. கணக்கு. (இப்போதைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் மீ.பெ.கா. என்று இருக்கும். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான்.) 60, 84, 108 ஆகியவற்றின் மீ.பொ.வ. 12. அறைகள் 5, 7, 9. மொத்தம் 21.

12 என்பதும் விடைகளில் இருக்கிறது, கவனித்தீர்களா? பாதி வழியில் நிற்பவருக்காகப் போட்டு வைத்தது அது. வகுப்பில் நான் திருத்தினால் 12 வரை வந்த பிள்ளைக்கு வழிமுறைக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஓ.எம்.ஆர். தாளுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. அதனால் விடையை நிழலிடும் முன் கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். அறை கேட்டானா, ஆள் கேட்டானா?

இப்போது ஈர்க்குச்சி. பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். 24 செ.மீ. குச்சி ஒன்று, 18 செ.மீ. குச்சி ஒன்று. இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் மிக நீளமான துண்டு எது? சிறியதைப் பெரியதன் மேல் வைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடிக்கச் சொல்வேன். 6 செ.மீ. துண்டு வரும். அது 18-க்குள் சரியாக மூன்று முறை அடங்கும். முடிந்தது, விடை 6. பள்ளி விளக்குமாறு மாதத்துக்கு மாதம் இளைத்துப்போவது ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டது தனிக் கதை. இரண்டு நீளங்களையும் அளக்கிற துண்டு, அவற்றின் வித்தியாசத்தையும் அளந்தே தீரும். யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்ததும் இதுதான். பத்தாம் வகுப்பில் அவர் பெயரிலேயே பாடம் இருக்கிறது. நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவள். எனக்கு இதைப் புரியவைத்தது குச்சிதான்.

தேர்வில் இது எப்படி உதவும்? 60, 84, 108-இல் வித்தியாசம் 24, 24. விடை 24-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க முடியும். 24 என்பது 60-ஐ வகுக்காது. அடுத்து 12, வகுக்கும். 60-ஐயும் 24-ஐயும் வகுத்தால் 84, 108 தானாகவே வகுபடும். பகாக் காரணி மரமெல்லாம் போட வேண்டாம். அரை நிமிடம்.

"37, 65, 121 ஆகியவற்றை வகுத்தால் ஒரே மீதி தரும் மிகப் பெரிய எண்" என்று கேட்பார்கள். மீதி எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். பயப்பட வேண்டாம், கழித்தால் மீதி தானே அடிபட்டுவிடும். 28, 56, 84. இவற்றின் மீ.பொ.வ. 28. சரிபாருங்கள், மூன்றிலும் மீதி 9. மீதியைச் சொல்லிவிட்டால் இன்னும் சுலபம். 129-இல் மீதி 3, 215-இல் மீதி 5 என்றால் முதலில் அதைக் கழித்து 126, 210 ஆக்குங்கள். விடை 42.

தரைக்கு டைல்ஸ் கணக்கில் மீட்டரையும் செ.மீ.யையும் ஒன்றாக்காமல் தொடங்காதீர்கள். 4 மீ 20 செ.மீ. நீளம், 3 மீ 15 செ.மீ. அகலம் என்றால் 420, 315. வித்தியாசம் 105, அதுவே விடை. (105 செ.மீ. டைல்ஸ் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.)

இன்னொன்று. எண்களின் பெருக்கல்பலன் = மீ.பொ.வ. × மீ.சி.ம. என்பது இரண்டு எண்களுக்கு மட்டும்தான். 2, 4, 6-க்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 48, மறு பக்கம் 24.

குரூப் 4-இல் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். திறனறிவுப் பகுதியில் 25 கேள்விகள். என்.எம்.எம்.எஸ்.-இல் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம், பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தாமல் இருக்க ஒரு காரணம். நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு தேர்விலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. குரூப் 4 எழுதுபவர்களே, விடைத்தாளில் "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவது வட்டம் இருக்கிறதே, அதன் பக்கம் சும்மா போகாதீர்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாலே இரண்டு விடைகள் கழிந்துவிடும்.

சரி, வீட்டுப்பாடம். நல்லெண்ணெய் 91 லிட்டர், கடலை எண்ணெய் 117 லிட்டர், தேங்காய் எண்ணெய் 143 லிட்டர். கலக்கக் கூடாது. எல்லா டின்னும் ஒரே அளவு, எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை டின்? விடையை மட்டும் போடாதீர்கள், செய்முறையோடு கமென்ட்டில் எழுதுங்கள். 26 என்றும் 13 என்றும் எழுதப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு இப்போதே தெரியும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து திருத்துகிறேன்.