இல்லை என்பதையும் எழுதி வை

தம்பி, மேலாண்மைத் தகவல் முறைமை, அதாவது எம்.ஐ.எஸ்., என்று உனக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள் என்றாய். நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவாக உட்காரப் போகிறாய். கணினியைப் பற்றி உனக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அரசு மருத்துவமனை மருந்துக் கிடங்கிலேயே உத்தியோக காலம் முழுக்க இருந்தவன் நான். கணினிக்குள் போகிற எண் எங்கே பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் கணக்கு இல்லாமல் இல்லை. வரவு, வழங்கல், இருப்பு என்று தடித்தடியான பதிவேடுகள் இருந்தன. தினமும் எழுதினோம், தணிக்கைக்கும் காட்டினோம். ஆனால் ஓர் ஊரின் பதிவேடு அடுத்த ஊருக்குத் தெரியாது. இங்கே அலமாரியில் காலாவதி தேதியை நெருங்கிக்கொண்டிருக்கும் மாத்திரையை, பக்கத்துத் தாலுகாவில் வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அந்த முகத்தைப் பார்த்தவனுக்குத் தகவல் என்பது வெறும் ஆபீஸ் விவகாரமாக இருக்க முடியாது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து வழங்கல் அதன் பொறுப்புக்கு வந்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று, மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டங்களில் கிடங்குகள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போல ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தனக்குத் தேவையானதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வந்திறங்கிய மருந்தின் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்தச் சரக்கை யாரும் தொடக்கூடாது. கிடங்குகளின் இருப்பு கணினி வழியே சென்னைக்குப் போனது. ஒரு மாவட்டத்தில் மிகுந்ததை இன்னொரு மாவட்டத்துக்கு மாற்ற முடிந்தது. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. உன் பாடப்புத்தகத்தில் உதாரணமாக எந்த நாட்டுக் கம்பெனியைப் போட்டிருந்தாலும் சரி, இதையும் ஓர் உதாரணமாகப் படி.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளுநருக்கு வேண்டியது பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அடுத்த மாதம் எது தீரும் என்று தெரிந்தால் போதும். தலைமையகத்துக்கோ எந்த சப்ளையர் தாமதிக்கிறார், கைவசம் எத்தனை மாத இருப்பு என்பது வேண்டும். மூவருக்கும் ஒரே நூறு பக்க அறிக்கையை அனுப்பினால் மூவருமே அதைத் திறக்க மாட்டார்கள். லண்டனில் லயன்ஸ் என்ற தேநீர்க்கடைக் கம்பெனி இதை அன்றே புரிந்துகொண்டிருந்தது. லியோ என்ற கணினியைத் தானே கட்டி, 1951இல் பேக்கரிக் கணக்கை அதில் போட்டது. வியாபாரத்துக்காகக் கணினி அன்றாடம் உழைத்தது அங்கேதான் முதலில். பிறகு கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் கணக்கும் அதில் ஏறியது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று கணினியில் இருக்கும். கடை மேலாளர் போனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். எழுபது வருஷத்துக்கு முந்தைய அந்த அடக்கம் இன்றைய டாஷ்போர்டு பலவற்றில் இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு மாத்திரை மாதம் 1,000 அட்டை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள். இந்த ஆண்டு பத்து மாதத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது, கடைசி இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஆண்டு முடிவில் பதிவேடு என்ன சொல்லும்? செலவு 10,000. அதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 833. அடுத்த ஆண்டுக்கும் 10,000 கேட்டு இண்டென்ட் போகும். மறுபடியும் பத்தாம் மாதத்தோடு தீரும். கணக்கு அணுவளவும் பிசகாது, தணிக்கையாளரும் குறை சொல்ல மாட்டார். அந்த இரண்டு மாதம் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை என்பதால் பற்றாக்குறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே போகும். சரக்கு இருந்த பத்து மாதத்தால் வகுத்திருந்தால் 1,000 என்று உண்மை வந்திருக்கும். அதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருப்பு பூஜ்யம் என்று ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். கொடுத்ததை எழுதச் சட்டமிருக்கிறது. கொடுக்க முடியாததை எழுதுவதற்கு மனசாட்சிதான் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

பாம்புக்கடி மருந்து இன்னொரு விதம். பல மாதங்களில் சில குப்பிகள்தான் செலவாகும். மழை தொடங்கி வயல் வேலை மும்முரமாகும்போது சட்டென்று ஏறும். சராசரி பார்த்து இருப்பைக் குறைப்பவர் அந்த ஊர் வயலைப் பார்க்காதவர். அதனால்தான் மருந்துக் கிடங்கில் விலையை வைத்து மட்டும் தரம் பிரிப்பதில்லை. உயிர்காக்கும் மருந்து, அத்தியாவசியம், இருந்தால் நல்லது என்று தேவையை வைத்தும் பிரிக்கிறோம். செலவே ஆகாத மருந்துகூட அங்கே இருந்தே தீர வேண்டிய மருந்தாக இருக்கலாம்.

நீ போகிற இடத்தில் மருந்து இருக்காது. சட்டைத்துணியோ இரும்புக்கம்பியோ கடன் கணக்கோ இருக்கும். விற்றதுதான் அங்கேயும் கணினியில் ஏறும். கேட்டுவிட்டு இல்லையென்று போன வாடிக்கையாளருக்கு, அளவு கிடைக்காமல் சட்டையைத் திரும்ப மாட்டியவருக்கு, திரையில் கட்டமே இருக்காது. சேர்ந்த முதல் வாரம் உன் மேசையை விட்டு எழுந்து, கவுன்ட்டரில் நிற்பவரிடம் போ. ‘நேற்று என்னென்ன இல்லை என்று சொன்னீர்கள், அண்ணா?’ என்று கேள். அவர் மனதில் ஒரு பட்டியலே இருக்கும். யாரும் கேட்டதில்லை என்பதால் சொல்லியிருக்க மாட்டார். அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. ஒரு மாதம் சேர்ந்ததும், கொள்முதல் பார்க்கும் அதிகாரியிடம் ஒரே ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டு போ.