மாமாவின் துணிக்கடல்

எழுபதுகளில் கேமரன் மலையின் தானா ராத்தா கடைத்தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது என் மாமாவின் போட்டோ ஸ்டூடியோ. பள்ளி விடுமுறை தொடங்கியதும் அம்மா என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். காலைப் பெரட்டுக்குப் பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மாமாவுக்கும் எடுபிடிக்கு ஒரு பையன் தேவைப்பட்டான்.

ஸ்டூடியோவின் பின்சுவரில் ஒரு கடல் தொங்கியது. நீல அலை, சாய்ந்த தென்னை, தூரத்தில் ஒரு பாய்மரக் கப்பல், எல்லாம் திரைத்துணியில் வரைந்தவை. தாப்பா சாலையின் வளைவுகளில் தலைசுற்றி, வாந்தி எடுத்து, மலையேறி வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் தேயிலைச் சரிவுகளில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் சனம் அந்தத் துணிக்கடலின் முன்னால்தான் நின்றது. தேயிலைத் தோட்டத்தையே வரைந்து ஒரு திரை தொங்கவிடலாமா என்று மாமா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "பொழுதன்னிக்கும் அதையேதானே பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணே, போட்டோவுலயுமா?" என்றார் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர். மாமா அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தீபாவளியன்றுதான் கூட்டம் நெரியும். எங்கள் மலையில் அது அடைமழைக் காலம். தோட்ட லாரிகளில் நனைந்தபடி வந்து இறங்குவார்கள். புதுச்சேலை எடுத்தவர்களுக்கு அதன் மேல் சுவெட்டர் தெரியக் கூடாது. குளிரோ பல்லைக் கிட்டவைக்கும். அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். விளக்கு, கேமரா எல்லாம் தயாரானதும் "ம், இப்ப!" என்று குரல் கொடுப்பார். மொத்தக் குடும்பமும் சுவெட்டர்களைக் கழற்றி என் மேல் எறியும். மூக்கு வரை கம்பளி குவிந்திருக்க நான் ஓரத்தில் நிற்பேன். படம் எடுத்த மறுநொடி எல்லாக் கைகளும் என்மேல் பாயும். யாருடையது யாருக்குப் போனது என்று தெரியாமல் சித்தப்பாக்கள் சித்திகளின் சுவெட்டரில் கைவிட்டுத் தவிப்பார்கள். மாடிப்படி முழுக்கச் சிரிப்பு கேட்கும்.

ஆண்களுக்கு ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. எல்லாருக்கும் அதே கோட்டுதான். ஒல்லியானவருக்கு முதுகுப் பக்கம் துணி கவ்விகளால் இழுத்துப் பிடிப்பது என் வேலை. முன்னாலிருந்து பார்த்தால் துரை. பின்னாலிருந்து பார்த்தால் கொடிக்கயிறு.

முக்காலியில் நின்ற மரக்கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட மாமா என்னை அனுமதிப்பார். கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாகத் தெரிவார்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளி அப்படித்தான் விழும், பிரிண்டைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று விளக்குவார். எனக்கு விளக்கத்தைவிட, மண்டோர் தாத்தா மீசையோடு தலைகீழாக இருமுவதுதான் பிடித்தது. அழுகிற குழந்தைக்கு மாமா சேவல் மாதிரி கூவுவார். குழந்தை அசராமல் பார்க்கும். சுற்றி நிற்பவர்கள் வெடித்துச் சிரிப்பார்கள். அந்த நொடியில்தான் அவர் கேமராவின் ரப்பர் பல்பை அமுக்குவார். பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்று விறைத்து உட்கார்ந்திருந்த பாட்டிகளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். மாமா எடுத்ததிலேயே நல்ல படங்கள் அவைதான் என்று இன்றும் சொல்வேன்.

இரவில் இருட்டறை வேலை. படம் கழுவும் மருந்து இருபது டிகிரி சூட்டில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சமவெளி ஸ்டூடியோக்களில் ஐஸ் போட்டுக் குளிரவைப்பார்களாம். எங்கள் மலையில் தலைகீழ். தட்டுக்கு அடியில் வெந்நீர் வைக்க வேண்டும். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவருவது நான். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் முதலில் மை தீட்டிய கண், அப்புறம் கறுப்புக் கோட்டு, கடைசியில் துணிக்கடல் என ஒவ்வொன்றாக எழும்பி வரும். மாமா அந்த நேரம் பார்த்து ஜிம் தாம்சன் கதையை எடுப்பார். தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று எங்கள் ஊர் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து நடந்துபோனவர். இன்றுவரை தடயமே இல்லை. "தட்டுல அவரு மூஞ்சி வருது பாருடா!" என்பார் மாமா. வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

1929இல் ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் பெண்களை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். சுற்றுலா அட்டைகளில் அவர்கள் முதுகில் கூடை இருக்கும், பெயர் இருக்காது. மாமாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நெகட்டிவ் எண்ணுக்கும் எதிரே பெயரும் தோட்டமும் இருந்தன. எந்தச் சேலை, எந்தப் பூ, யார் பக்கத்தில் யார் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படியில் ஒருவரும் ஏறியதில்லை. தோட்டத்து வாழ்க்கையின் உண்மையான ஆவணம் அந்தத் துணிக்கடல் படங்கள்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

வண்ணப் படங்கள் வந்து, பின்னர் கைப்பேசி வந்து, அந்த மாடி இப்போது வேறு கடையாகிவிட்டது. படங்கள் மட்டும் மைலோ டின்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அவற்றை வெளியே எடுங்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார், எந்தத் தோட்டம், எந்த வருசம் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பென்சிலால் மெதுவாக எழுதினால் போதும்.