கல் கணக்கும் கிலோ கணக்கும்

காரைக்குடிக்கு நான் போனது கண்டாங்கிச் சேலையைப் பற்றி எழுதத்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையின் கட்டங்களைப் பற்றியும் கரையைப் பற்றியும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டேன். ஆனால், சித்தி வீட்டில் தங்கிய இரண்டாம் நாள் இரவு சேலை மறந்து போயிற்று. குறுக்கே ஒரு லாரி வந்து நின்றுவிட்டது.

லாரியா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்றே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்த லாரி டீசலில் மட்டும் ஓடவில்லை. என் தம்பி மனைவியின் கழுத்துச் சங்கிலியிலும் ஓடுகிறது.

சித்தி மகன் பத்து வருஷம் பிறருடைய லாரியை ஓட்டியவன். எத்தனை நாளைக்கு இன்னொருவர் சாவிக்குக் கை நீட்டுவது என்று, ஒன்பது வருஷம் ஓடிய லாரி ஒன்றை வாங்கிவிட்டான். பாதிப் பணம் கடன். மீதிக்குச் சங்கிலியும் வளையலும் வங்கிக்குப் போயின. தானே முதலாளி, தானே டிரைவர். வாசலில் லாரியை நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று, சித்தி தெரு முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தாளாம்.

மூன்றாவது நடையில் வந்தது வினை. சென்னையில் யாரோ புது வீடு கட்டுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் அழுத்தி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. செட்டிநாட்டு வளவில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். விற்கிறவர் சதுர அடியில் சொல்கிறார். ஏற்றுகிறவர் எண்ணி ஏற்றுகிறார். வாடகையும் 'ஒரு லோடு' என்று பேசி முடிகிறது. கிலோ என்ற வார்த்தை யார் வாயிலும் வருவதில்லை.

அந்த வார்த்தை திருச்சியைத் தாண்டி, சாலையோரத்தில் கை காட்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வந்தது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 12 டன். முள் காட்டியது 14.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா? அதன்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆக 24,000. அந்த நடைக்குப் பேசிய வாடகையோ 18,000. அதிலும் பாதிக்கு மேல் டீசல் குடித்துவிடும். இத்தோடு போகவில்லை. மிகுதிச் சரக்கை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது. இறக்குகிற செலவும் இவன் தலையில்தான். நட்ட நடு வெயிலில் இரண்டு டன் பூக்கல்லை ரோட்டோரம் இறக்கி அடுக்கி, வேறொரு சின்ன வண்டி பிடித்து அனுப்பினான். உடைந்த கல்லுக்குப் பிடித்தம் வேறு.

போதாக்குறைக்குப் புகைச் சான்றிதழ் ஒரு வாரம் முன்பே காலாவதி. சில நிமிஷத்தில் வாங்கக்கூடிய சீட்டு அது. இல்லாவிட்டால் சட்டத்தில் 10,000 வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது.

"முன்னேயெல்லாம் இதை ஓனர் பார்த்துக்குவார் அக்கா. எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான்" என்றான் தம்பி. யோசித்துப் பார்த்தால் புதிதாக லாரி வாங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஓட்டத் தெரியும், காகிதம் தெரியாது. வண்டிக்கு எட்டு வயது வரை எப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. எட்டு தாண்டினால் வருஷா வருஷம். இந்தக் காகிதங்களைக் கைப்பேசியில் காட்டினாலும் 2018 முதல் செல்லும். ஆனால் தேதி போனது போனதுதானே?

வீட்டுக்கு வந்து வண்டி எண்ணைப் போட்டுக் கணினியில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை! பழைய சொந்தக்காரர் கட்டாமல் விட்ட அபராதங்கள் இரண்டு அங்கே பத்திரமாக இருந்தன. பெண்ணோடு சீர் வருகிற மாதிரி லாரியோடு வந்தவை. உங்கள் வீட்டில் யாராவது பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இந்த ஒன்றை நீங்களே பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் புதிதாக லாரித் தொழிலில் இறங்குகிறவரை அரசாங்கம் 18 மாதம் தனியே கவனிக்கிறது. சாலைச் சோதனையில் அகப்பட்ட குற்றம் இரண்டு வருஷம் கணக்கில் நிற்கும். நம் ஊரில் அப்படிப் பழக்கிவிடும் காலம் ஏதும் இல்லை. முதல் நாளே முழு அபராதம்.

இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு டன் மிகுதியோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால்? அதை நினைக்கவே பயமாயிருக்கிறது. ஆனால் நூறு லாரி வைத்திருப்பவருக்கும் 24,000. ஒரே லாரிக்காரனுக்கும் 24,000. ஓட்டுகிறவனை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும் சட்டம் சொல்கிறது. இருந்தும், கல்லை ஏற்றச் சொன்னவர் அன்று மத்தியானம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது என் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

தம்பி மனைவி அழவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். எப்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட், புகை என்று கட்டம் போட்டு, தேதிகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

"அவுக லோடு ஏத்துனதும் எடை மேடைக்குப் போயி, சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பணும், அண்ணி. சீட்டு வராட்டி வீட்டுல சாப்பாட்டுத் தூக்கு கெடையாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

மறுநாள் விடியற்காலை லாரி கிளம்பும்போது தூக்கு போயிற்று. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆடிக்குள் மீட்டுவிடலாம் என்கிறாள் அவள். தை ஆகும் என்கிறான் தம்பி.